படம் பார்த்துக் கேட்ட ஏலம்

பல் மருத்துவர்களுக்குப் பல் செய்து கொடுக்கும் பட்டறையில் நிறச்சாயல் பொருத்துபவள் என்பதால் அவளுக்கு ‘ஷேடு அக்கா’ என்று பெயர். அவளைவிட வயதில் மூத்த முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒருவருக்கு முன்பல் உடைந்துபோனால், பக்கத்துப் பல்லோடு பொருந்துகிற மாதிரி பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காகத் தீற்றி, கைப்பெட்டி அளவுள்ள சூளையில் சுட்டு எடுக்க வேண்டும். பல் வெள்ளை என்று நாம் பாட்டுக்குச் சொல்லிவிடுகிறோம். அவளைக் கேட்டால் ஈறோரம் மஞ்சள், நடுவில் பால், நுனியில் லேசான நீலம் என்று பிரித்துச் சொல்வாள். அந்தப் பிரிவு பிசகினால் சிரிக்கும்போது புதுப்பல் மட்டும் தனியாகத் தெரியும். பல் வைத்துக்கொண்டவர் அப்புறம் ஆயுசுக்கும் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்.

சில மருத்துவர்கள் அவசரத்தில் நோயாளியின் பல்லைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, இதைப் பார்த்துச் செய்துவிடுங்கள் என்பார்கள். அவள் ஒத்துக்கொள்வதே இல்லை. படத்தில் தெரிவது பல்லின் நிறம் இல்லை, அந்த அறையின் விளக்கு நிறம் என்று போனிலேயே பாடம் நடத்துவாள். ஆளை அனுப்பச் சொல்வாள். வந்தவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக உதட்டருகே பிடித்துப் பார்த்த பிறகுதான் பொடியில் கை வைப்பாள்.

இப்படிப்பட்டவள்தான் படத்தைப் பார்த்துப் பழைய வெள்ளிக் காசு வாங்க ஆரம்பித்தாள்.

ஆரம்பித்தது தூரிகையால். நல்ல தூரிகை விலை ஏறிவிட்டதென்று, யாராவது பழையது விற்கிறார்களா என்று இணையத்தில் தேடிக்கொண்டிருந்தாள். சூளை ஆறுவதற்குக் காத்திருந்த மதியம் அது. தூரிகைகளுக்கு நடுவே ஒரு வெள்ளிக் காசின் படம் வந்து நின்றது. பாய் விரித்த கப்பல் ஒன்று. அதைச் சுற்றி விளிம்பிலிருந்து உள்ளே ஊதா, நீலம், பச்சை, பொன் என்று வளையம் வளையமாக நிறங்கள். சாயம் பூசியிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள். படித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெள்ளிக் காசு பல வருடம் காகித உறையிலோ துணிப்பையிலோ கிடந்தால், காற்றும் காகிதமும் பட்டு அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்று படரும். அந்தத் தோல்தான் இத்தனை நிறமும் காட்டுகிறது. நிறமேறிய காசை மட்டுமே தேடி வாங்குகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நிறம் தானாக வந்ததா, யாராவது அடுப்பில் காட்டி வரவழைத்ததா என்று சோதித்து, தேய்மானத்துக்கு ஒரு எண் போட்டு, தெளிவான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, மேலே சீட்டும் வைத்துத் தருவதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. எண் தேய்மானத்தை மட்டும்தான் சொல்லும். பார்க்க எப்படி இருக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

அடுக்கடுக்காக நிறம் சேர்ப்பது அவளுடைய தொழில். யாரும் தூரிகை எடுக்காமலே இப்படி ஒரு அடுக்கு விழுந்திருப்பதை அவளால் தாண்டிப் போக முடியவில்லை. கப்பல் காசை ஏலத்தில் கேட்டாள். போட்டிக்கு ஆள் இல்லை, கிடைத்துவிட்டது. வந்த காசு படத்தில் இருந்தபடியே இருந்தது. இன்னும் சொன்னால் ஒரு படி மேல். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், கையெல்லாம் கிரீஸ். தொடாமல் குனிந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்.

அதுதான் வினை. முதல் காசே ஏமாற்றியிருந்தால் அதோடு விட்டிருப்பாள்.

அடுத்து வாங்கியவை ஒவ்வொன்றும் அவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டன. ரோஜா நிறம் என்று நம்பியது செங்கல் நிறத்தில் வந்தது. மயில் கழுத்து நீலம் என்று வாங்கியது அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி வந்தது. பொன் வளையம் இருந்த காசில் வளையம் இருந்தது, பொன்னைத்தான் காணோம். கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், விளக்கை மாற்றிப் பார்ப்பாள், மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்ப்பாள். துணி காயப்போட வந்த எதிர்வீட்டுக்காரி, இந்தம்மா தினமும் எதை வானத்துக்குக் காட்டுகிறார் என்று குழம்பிப்போனாள்.

ஆனாலும் சும்மா ஏமாந்துகொண்டிருக்கிற ஆள் இல்லை அவள். கூட்டின் மேலிருக்கும் சீட்டு எப்போதும் வெள்ளை என்பது அவளுக்குப் பிடி கொடுத்தது. படத்தில் அந்தச் சீட்டு மஞ்சளடித்தால் வெளிச்சம் மஞ்சள், நீலமடித்தால் நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள். சீட்டு சுத்த வெள்ளையாக இருக்கும் படங்களை மட்டும் நம்புவது என்று வைத்துக்கொண்டாள். அப்படி வாங்கியது ஒன்று சுமாராக வந்தது, இன்னொன்று பரவாயில்லை. பிடிபட்டுவிட்டது என்று நினைத்தாள்.

அந்தத் தைரியத்தில்தான் டிராகன் காசைக் கேட்டாள். உள்ளங்கையை நிறைக்கிற பழைய ஜப்பானிய வெள்ளி. சுருண்டு கிடக்கும் டிராகன், உடம்பெல்லாம் மின்சார நீலம், செதிலோரங்களில் பொன். சீட்டு பால் போல வெள்ளை. பெரிய ஏலக் கம்பெனி, அவர்களே எடுத்த படம். யாரோ ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடி ஒரு கையில் போனோடு அவளும் ஏற்றினாள். கடைசியில் எதிராளி விட்டுவிட்டார். சாப்பாடு ஆறிப் போயிருந்தது. அந்த மாதம் புது மிக்ஸி வாங்குவதாக இருந்தார்கள். வாங்கவில்லை.

பொட்டலம் வந்த அன்று நாத்தனார் வந்திருந்தாள். பிரித்ததும் இருவரும் பார்த்தார்கள். டிராகன் கரியாக இருந்தது. நீலம் எங்கே என்று தேடினால், விளிம்பில் நகக்கண் அளவு தெரிந்து மறைந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து நாத்தனாருக்கே பாவமாகிவிட்டது.

“குடுங்க அண்ணி, பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டு ஒரு தேய் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும். அந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் உடைச்சிருவோம்,” என்றாள், உண்மையான அக்கறையோடு.

அவள் காசை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கரியாக இருந்தாலும் அந்தத் தோல் போனால் காசே போச்சு என்பதை விளக்க அவளுக்குத் தெம்பில்லை.

ஏலக் கம்பெனிக்கு எழுதினாள். படத்துக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இல்லை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பதில் மரியாதையாக வந்தது. அது அதே காசின் படம்தான், ஒரு திருத்தமும் செய்யவில்லை, நிறமேறிய காசு வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறித் தெரியும், கூட்டில் அடைத்த காசுகளைத் திரும்பப் பெறும் வழக்கம் இல்லை, தொடர்ந்து ஆதரவு தருக. அந்தக் கடைசி வரிதான் அவளுக்குத் தாங்கவில்லை. மறுபடி எழுதினாள், அதே பதில் வந்தது. இன்னொரு முறை காரசாரமாக எழுதினாள், ‘ஆதரவு தருக’ மட்டும் வந்தது.

அவர்கள் படத்தில் தில்லுமுல்லு செய்திருக்கிறார்கள் என்று நிரூபித்துக் காட்டுவது என்று முடிவெடுத்தாள். பட்டறையில் பற்களைப் படமெடுக்கும் கேமரா ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் விளக்கு வைத்தது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை மதியம் டிராகனை அதன் கீழே வைத்தாள். நேராக வைத்து எடுத்தாள், கரி. ஒரு விளக்கை அணைத்து எடுத்தாள், கரிதான். காசின் ஒரு ஓரத்துக்குத் தீப்பெட்டி முட்டுக் கொடுத்து, விளக்கைத் தாழ்த்தி, சாய்வை மயிரிழை மயிரிழையாக மாற்றிக்கொண்டே போனாள். திடீரென்று திரையில் டிராகன் நீலமாக எழுந்தது. செதிலுக்குச் செதில் பொன். ஏலப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் அதே.

தீப்பெட்டியைத் தொட்டாள். நீலம் அணைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

“அப்ப அவங்க பொய் சொல்லலியே?”

“பொய் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க. திட்டவாவது ஒரு ஆள் கிடைச்சிருப்பான்,” என்றாள் அவள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். போட்டோவை நம்பி பல்லு செய்ய மாட்டேன்னு டாக்டருங்ககிட்ட அந்தச் சண்டை போடறியே, இது மட்டும் எப்படி என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அவருக்கு அது புரியவில்லை. அவள் இரண்டு நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். நாத்தனார் போன் செய்து, அண்ணன் என்ன சொன்னான், நான் கேட்கிறேன் என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாத்தனார் அண்ணன் பக்கம் சேர்ந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

டிராகனை விற்றுவிடலாம் என்று பட்டது. கம்பெனிப் படத்தையே போட்டால் சுலபமாகப் போய்விடும். அவளால் முடியவில்லை. மேசையில் கிடக்கும்போது எடுத்த கரிப்படத்தையும், சாய்த்து எடுத்த நீலப்படத்தையும் சேர்த்தே போட்டாள். ஒருவர் எழுதிக் கேட்டார், இதில் எது உண்மையான படம் என்று. இரண்டும் என்று எழுதினாள். அவர் அப்புறம் எழுதவே இல்லை. இன்னொருவர் காணொளி கேட்டார். எடுத்து அனுப்பினாள். “கருப்பா இருக்கே” என்று ஒரே வரி போட்டுவிட்டுப் போய்விட்டார். காசு விற்கவில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள்.

இத்தோடு போதும் என்றுதான் இருந்தாள். ஆனால் அதே ஏலக் கம்பெனி, அடுத்த ஏலத்துக்கு முன்பு காசுகளை நேரில் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தது. பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்துப் பெரிய ஊரில், ஒரு ஓட்டலின் கூட்டரங்கில். படத்தை நம்பத் தேவையில்லை, கையில் எடுத்தே பார்க்கலாம். அவளுக்கு அது தனக்காகவே வைத்த மாதிரி இருந்தது. லீவு போட்டாள். துணைக்கு வரட்டுமா என்று கணவர் கேட்டதற்கு, வேண்டாம், நீங்கள் வந்தால் எதையாவது கேட்பீர்கள் என்றாள்.

அரங்கில் நீள மேசைகள், கருப்புத் துணி, ஆளுக்கொரு வளைகழுத்து விளக்கு. எண்ணைச் சொன்னால் பணிப்பெண் தட்டில் காசைக் கொண்டுவந்து வைப்பாள். ஷேடு அக்கா வந்திருந்தது ஒரே கணக்கோடுதான். படத்தில் அழகாக இருப்பது கையில் கரியானால், படத்தில் மங்கலாக இருப்பது கையில் என்னவாக இருக்கும்? பட்டியலில் கண்ணை இழுக்காத காசுகளாகப் பார்த்துக் கேட்டாள். பெரும்பாலானவை கையிலும் மங்கல்தான். சலித்துக்கொண்டே வந்தபோது தட்டில் ஒரு சின்னக் காசு வந்தது. தலையில் கதிர்க்கற்றை சூடிய ஒரு பெண்ணின் முகம். படத்தில் சிலேட்டுப் பலகை மாதிரி இருந்தது அது. விளக்கடியில் கொண்டுபோனதும் அவள் இன்னும் கிட்டே குனிந்தாள். கன்னத்தில் பீச் பழ நிறம், கூந்தலில் பச்சை, கழுத்தடியில் இளநீலம், ஒன்றுக்குள் ஒன்று கரைந்து. சாய்த்தாள், நிறம் நகர்ந்ததே தவிர அணையவில்லை. விளக்கை விட்டு ஜன்னலோரம் திருப்பினாள். அங்கேயும் இருந்தது. கண்ணுக்கு அடியில் மணல் அளவு ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான் குறை.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். கழுத்தில் கயிற்றில் கட்டிய லென்ஸ், அழுந்த வாரிய தலை. அங்கே எல்லோரும் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவரும் அந்தக் காசைக் கேட்டு வாங்கி நீண்ட நேரம் திருப்பினார். பிறகு அவளிடம் திருப்பித் தந்து, தாழ்ந்த குரலில், கூடப் பிறந்தவர் மாதிரிச் சொன்னார்.

“புதுசா வாங்குறீங்களா மேடம்? இத விட்டுருங்க. கன்னத்துல யாரோ துணி போட்டுத் தேய்ச்சிருக்காங்க. கூட்டுக்குள்ள போனப்புறம் அவ்வளவா தெரியாது, பின்னாடி விக்கும்போதுதான் கஷ்டப்படுவீங்க.”

அவள் லென்ஸ் கேட்டு வாங்கிக் கன்னத்தைப் பார்த்தாள். தேய்த்த கோடு எதுவும் தெரியவில்லை. பீங்கானில் ஒரு கீறல் இருந்தால் ஓடிக்கொண்டே கண்டுபிடிக்கிறவள். ஆனால் டிராகன் நினைவு வந்தது, செங்கல் நினைவு வந்தது, வரிசையாக எல்லாம் வந்தன. இத்தனை முறை தப்பான கண், இப்போது மட்டும் சரியாக இருக்கும் என்று என்ன நிச்சயம்? பெரியவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் காசைத் தட்டில் வைத்தாள்.

ஏலத்தன்று மனசு கேட்காமல், சின்னதாக ஒரு தொகை வைத்துப் பார்த்தாள். கிடைத்தால் கிடைக்கட்டும் என்று. ஒரே ஒருவர் ஒரே ஒரு படி ஏற்றினார். இன்னொரு படி ஏற்ற விரல் போனது. தேய்த்த கன்னம் என்று நினைத்துக்கொண்டு விரலை எடுத்தாள். காசு போய்விட்டது.

மழைக்காலம் வந்து போன பிறகு, ஒருநாள் காசு விற்கும் தளத்தில் அந்தப் பெண்ணின் முகம் மறுபடி வந்தது. இந்த முறை படம் வேறு. பீச், பச்சை, இளநீலம், எல்லாம் கையில் பார்த்த அதே மாதிரி. கண்ணுக்கு அடியில் கரும்புள்ளி. விவரத்தில் ‘தொடப்படாத இயற்கை நிறம், அபூர்வம்’ என்று எழுதியிருந்தது. விலை பல மடங்கு. விற்பவர் தன் படத்தையும் போட்டிருந்தார். அழுந்த வாரிய தலை, கழுத்தில் லென்ஸ்.

பட்டறை வாசலுக்கு வந்து, தளத்தில் போட்டிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். தான் யார் என்று சொன்னாள். அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

“தேய்ச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே சார். இப்ப தொடப்படாததுன்னு போட்டிருக்கீங்க.”

அந்தப் பக்கம் சிரிப்பு, கோபமே இல்லாத சிரிப்பு. “மேடம், நீங்க எவ்வளவு நேரம் அத ஜன்னல்கிட்ட வச்சுப் பாத்தீங்கன்னு நான் கவனிச்சேன். உங்களுக்குக் கண்ணு இருக்கு. அதனாலதான் சொல்ல வேண்டியதாப் போச்சு. நீங்க உங்க கண்ண விட்டுட்டு என் பேச்சக் கேட்டா நான் என்ன பண்றது?”

திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன, எதைப் போட்டாலும் அவர் சொன்னதற்குப் பதிலாக இல்லை. வச்சிடறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். உள்ளே போய் அன்றைக்குச் செய்த பல்லில் நீலம் கூடிப்போய்விட்டது. உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒரு வாரம் வீட்டில் அந்தப் பேச்சுத்தான். நாத்தனார் அந்த ஆளுக்குக் கண் அவிந்து போக வேண்டும் என்று சாபம் கொடுத்தாள். கணவர் வேறு மாதிரி யோசித்தார். இத்தனை காசுக்கு ஆசைப்பட்டதிலேயே நேரில் பார்த்து, கையில் திருப்பிப் பார்த்த காசு இது ஒன்றுதானே, இதில் ஏமாற வழியில்லையே என்றார். அந்த ஆளுக்குப் போய் லாபம் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று அவள் சீறினாள். அவர் எழுந்து போய் லிஃப்ட்டுக்கு எண்ணெய் விடும் டப்பாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே அந்த ஆளுக்கு எழுதினாள். கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் கொஞ்சமே கொஞ்சம் குறைத்தார். தன்னிடமிருந்த செங்கலையும் அடிப்பிடித்த பாத்திரத்தையும், கூட இருந்த சில்லறைக் காசுகளையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மீதியைக் கையிலிருந்து போட்டு வாங்கினாள். டிராகனை யாரும் சீண்டவில்லை. பணம் அனுப்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று கணவர் பிறகு நாத்தனாரிடம் சொன்னார்.

பொட்டலம் நல்ல கட்டுமானத்தோடு வந்தது. பிரித்து மேசையில் வைத்தாள். சாய்க்கவில்லை, விளக்குப் போடவில்லை, தீப்பெட்டி தேடவில்லை. ஜன்னலிலிருந்து வந்த சாதாரண வெளிச்சத்தில் அந்தப் பெண்ணின் கன்னம் சிவந்திருந்தது, கூந்தல் பச்சையாக ஓடியது. படத்தில் எப்படியோ அப்படி. அரங்கில் எப்படியோ அப்படி. ஒரு குறையும் சொல்ல முடியாது.

கணவர் வந்து எட்டிப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“அழகா இருக்கு,” என்றார்.

“அழகாத்தான் இருக்கு,” என்றாள் அவள், யார் மீதோ புகார் கொடுக்கிற குரலில்.